பல்தேர்வு வினாத்தாளில் புள்ளடி போடாதீர்கள்

இலங்கை உயர்தரப் பரீட்சையின் பல்தேர்வுக் கடந்தகால வினாத்தாளைப் போட்டோகொப்பி எடுத்தால், அதில் ஒரு புள்ளடிகூடப் போடாதீர்கள். கொப்பி ஒற்றை ஒன்றில் 1 முதல் 50 வரை இலக்கமிட்டு விடையை அங்கே எழுதுங்கள். ஊகித்த விடைக்குப் பக்கத்தில் ‘ஊ’ போடுங்கள். பழைய விடை கண்ணில் படாததால் மூன்று கிழமை கழித்து அதே தாளைப் புதிதாகச் செய்யலாம். ஊகித்துச் சரிவந்தவையும் அப்போது பிடிபடும். பரீட்சையில் காலை வாருவது அவைதான். விடுதியில் இருந்தால் ஒரே பிரதி நாலு பேருக்குப் போதும். இரசாயனவியல், பௌதிகவியலுக்கு 2 மணித்தியாலம் வைத்தே செய்யுங்கள்: ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்.

தாளில் விட்ட இடைவெளியிலேயே விடை எழுதும் அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கு இது சரிவராது. தந்த இடைவெளிக்குள் விடையை அடக்கிப் பழகவேண்டும், அதனால் தாளிலேயே எழுதுங்கள்.