தண்ணி எடுத்துவிட்டு சலைன் ஏற்றாதீர்கள்

கையுறை, ஊசி குத்தும் இடம், கையெழுத்துப் படிவம் எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நோயாளிக்கு வயிற்றில் தேங்கிய நீரை எடுக்கும்போது வேலூரில் புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகள், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறையே அப்படியே செய்கிறார்கள்: நீரை எடுத்துவிட்டு சலைனை, அதாவது உப்பு நீரை, ஏற்றுகிறார்கள்.

கேட்டால், "பி.பி. நன்றாகத்தானே இருக்கு?" என்பார்கள்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான்.

குடியாத்தத்து நெசவாளி ஒருவர் வந்தார். லுங்கி முடிச்சு நிற்க இடமில்லாமல் தொப்புளுக்குக் கீழே வழுக்கிக்கொண்டே இருந்தது. 8 லிட்டர் எடுத்தார்கள். "இப்பதாம்மா மூச்சு வுட முடியுது" என்றார். பி.பி. 110/70. ஜூனியர் இரண்டு சலைன் பாட்டிலை ஓட்டிவிட்டு, சாயங்காலப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஆறாம் நாள் மனைவி கூட்டிவந்தபோது வயிறு பழையபடி. சிறுநீர் பாதியாகியிருந்தது. சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் 2.6-க்கு ஏறியிருந்தது, ரத்தத்தில் சோடியம் 122-க்கு இறங்கியிருந்தது. எடுத்த ஜூனியர் அதற்குள் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டதால், நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. இந்தத் தவறு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதும் அதனால்தான்.

நீர் இறங்கியதும் ரத்தக்குழாய்கள் இன்னும் விரிகின்றன. முதலில் இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டுவதால் பி.பி. பெரிதாக இறங்காது. பயன்படும் ரத்த அளவு குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற சிறுநீரக ஹார்மோன் ஏறுகிறது, உப்பும் நீரும் தேங்குகின்றன. இதன் முழு உருவம் ஐந்தாறு நாள் கழித்துத்தான் தெரியும். கட்டிலருகே பார்த்த பி.பி. எதற்கும் உத்தரவாதமில்லை.

சலைன் ரத்தக்குழாயில் நிற்காமல் வயிற்றுக்கே போய்ச் சேரும். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. "ஊறுகாய், அப்பளம் தொடாதீங்க, நாளைக்கு 5 கிராம் உப்புதான்" என்று காலை ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டு, மத்தியானம் நாமே 9 கிராமை ஏற்றுகிறோம்!

5 லிட்டருக்கு மேல் எடுத்தால், சலைனுக்குப் பதில், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் (நீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்துவைக்கும் புரதம்) கொடுங்கள். 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். 8 லிட்டருக்கு மூன்று பாட்டில்.

"டாக்டரம்மா, மூணுமா? ஒண்ணு போட்டா ஆவாதா?" என்று கேட்பார்கள். விலை அப்படி. அதனால் எடுப்பதற்கு முந்தின நாளே வீட்டாரிடம் பேசுங்கள், ட்யூபைச் செருகிவிட்டுப் பேசாதீர்கள். பணம் புரளாவிட்டால் 4 லிட்டரோடு நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் பிறகு மறுபடி எடுக்கலாம்.

5 லிட்டருக்குக் குறைவென்றால் வேண்டாமா?

கிரியாட்டினின் ஏறியிருந்தாலோ, கல்லீரல் திடீரென மோசமாகியிருந்தாலோ அப்போதும் கொடுங்கள்.

ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பார்த்துப் பயப்படுவது

அது ஏறியிருந்தாலும், நீர் எடுப்பதற்கு முன் வழக்கமாக பிளாஸ்மா ஏற்றத் தேவையில்லை.

எடுத்த நீரை செல் கவுண்டுக்கு (அணுக்களை எண்ணும் சோதனை) அனுப்பாமல் விடுவது

நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அனுப்புங்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளணு கன மில்லிமீட்டருக்கு 250-ஐத் தொட்டால் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஆல்புமின் கணக்கு வேறு, எடையைப் பொறுத்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலைக் கட்டிலருகிலேயே நிரப்புங்கள்.

ஆல்புமின் பாட்டிலை விரட்டுவது

இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். மெதுவாக, சில மணி நேரத்தில் ஏற்றுங்கள்.