இலையிலுள்ள பாலிஅமைன்களை அளக்கும் முறை

புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மைன் ஆகிய பாலிஅமைன்கள் (பல அமைன் தொகுதிகள் கொண்ட சிறு மூலக்கூறுகள்) செல்லுக்குள் நேர்மின்னூட்டம் பெற்றிருப்பதால், டிஎன்ஏ, ஆர்என்ஏ, செல்சுவரின் பெக்டின் என எதிர்மின்னூட்டம் கொண்ட எதனோடும் ஒட்டிக்கொள்கின்றன. எனவே தனித்திருப்பவை, பினாலிக் அமிலங்களுடன் இணைந்து கரைந்திருப்பவை, கரையாத பொருள்களுடன் பிணைந்திருப்பவை என்னும் மூன்று பகுதிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கவனக்குறைவு கூடாது. பொட்டாசியம் குறைந்த பார்லியில் புட்ரெசின் குவிகிறது என்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. வறட்சியும் உப்புத்தன்மையும்கூட அளவை மாற்றும். ஒரே வயதுடைய இலைகளை ஒரே நேரத்தில் பறித்து, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும்.

உறைந்த இலையைக் கல்வத்தில் பொடித்து, ஒரு கிராமுக்கு 10 மில்லி என்ற கணக்கில் குளிர்ந்த 5% டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் சேர்த்து, ஒரு மணி நேரம் பனிக்கட்டியில் வைத்தபின் மையவிலக்கு செய்யவும். பழைய முறைகளில் வரும் பெர்குளோரிக் அமிலம், கரிமப் பொருளோடு சூடாகி வறண்டால் வெடிக்கக்கூடும் என்பதால், அதைத் தவிர்ப்பதே நல்லது. இடையில் நேரும் இழப்பை ஈடுசெய்ய, தாவரத்தில் பொதுவாகக் காணப்படாத 1,6-டைஅமினோஹெக்சேனை அறிந்த அளவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

தெளிந்த சாற்றில் ஒரு பங்கை நேரடியாக அளந்தால் தனித்திருப்பவை கிடைக்கும். இன்னொரு பங்கை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரி செல்சியஸில், மூடிய குழாயில் சுமார் 18 மணி நேரம் சூடாக்கினால் இணைப்புகள் உடையும். முதல் அளவைக் கழித்தால் எஞ்சுவது இணைந்தவற்றின் அளவு. கழுவிய வண்டலையும் இவ்வாறே சூடாக்கினால் பிணைந்தவை வெளிப்படும்.

பாலிஅமைன்கள் தாமாக ஒளிர்வதில்லை; ஒளிரும் தொகுதி ஒன்றை அவற்றில் ஏற்ற வேண்டும். ஆகவே 200 மைக்ரோலிட்டர் சாற்றுடன் அதே அளவு செறிவுற்ற சோடியம் கார்பனேட் கரைசலையும், அசெட்டோனில் கரைத்த டேன்சில் குளோரைடு (அமைன்களுடன் இணைந்து அவற்றை ஒளிரவைக்கும் வினைப்பொருள்) 400 மைக்ரோலிட்டரையும் கலந்து, இரவு முழுவதும் இருட்டில் வைக்க வேண்டும். மிஞ்சிய டேன்சில் குளோரைடை புரோலின் பிடித்துக்கொள்ளும். பிறகு டொலுயீனில் பிரித்தெடுத்து, ஆவியாக்கி, மெத்தனாலில் கரைத்து, சி18 நிரல் பொருத்திய எச்பிஎல்சியில் (உயர்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவியில்) ஒளிர்வு உணரி கொண்டு அளக்கலாம். புட்ரெசினில் இரண்டு, ஸ்பெர்மிடினில் மூன்று, ஸ்பெர்மைனில் நான்கு டேன்சில் தொகுதிகள் ஏறுவதால், ஒவ்வொன்றுக்கும் தனி அளவுத்திருத்த வரைகோடு தேவை. நீர்த்த ஸ்பெர்மைன் கண்ணாடியில் ஒட்டும். அளவு தெரிந்த திட்டக் கரைசல்களை பிளாஸ்டிக் குப்பிகளில் வைக்கவும். ஸ்பெர்மைன் எனத் தோன்றும் முகட்டில் அதன் மாற்றியமான (அதே அணுக்கள், வேறு அமைப்பு) தெர்மோஸ்பெர்மைனும் கலந்திருக்கலாம். சைலம் (நீர் கடத்தும் திசு) வளர்ச்சியை ஆராய்வோர் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

புட்ரெசின் குறைந்தால் உற்பத்தி குறைந்தது என்று முடிவுகட்ட இயலாது. ஆக்சிடேஸ் நொதிகள் அதைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டிருக்கலாம்; ஸ்பெர்மிடினாகவும் மாறியிருக்கலாம். உற்பத்தி வழியை அறிய, அர்ஜினைன் டிகார்பாக்சிலேஸ், ஆர்னிதைன் டிகார்பாக்சிலேஸ் ஆகியவற்றின் செயல்பாட்டைத் தனியே சோதிக்க வேண்டும். அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் இரண்டாவது நொதிக்கான மரபணு இல்லை என்பதால் அங்கு முதலாவது மட்டும் போதும். வறட்சிச் சோதனைகளில் முடிவை உலர் எடைக்குக் கணக்கிடவும். நீர் இழந்த இலையில் ஈர எடைக் கணக்கு, இல்லாத உயர்வைக் காட்டும்.