அரபியிலிருந்து டேனிஷுக்கு: ஊடக வேலைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபியும் டேனிஷும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பேட்டி கொடுத்தவர் எந்த ஊர் அரபி பேசுகிறார் என்று முதலில் பாருங்கள். எழுத்து அரபி எல்லா அரபு நாடுகளுக்கும் பொது. பேச்சு அப்படியில்லை. கெய்ரோவில் 'மாஷி' என்றால் 'சரி'. மொராக்கோவில் அதே சொல் 'அல்ல' என்று மறுக்கிறது. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து 'கடவுள் உங்களுக்கு ஆஃபியா தரட்டும்' என்பது சிரியாவிலும் லெபனானிலும் அன்றாட வாழ்த்து. அங்கே ஆஃபியா என்றால் உடல்நலம், தெம்பு. மொராக்கோவிலோ அது நெருப்பு! மொராக்கோவின் காஸாபிளாங்காவில் பதிவான பேச்சில் சிரியாவின் டமாஸ்கஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் தடுமாறினால் குறை அவருடையது இல்லை, அவரிடம் கொடுத்தவருடையது. டென்மார்க்கில் ஈராக், லெபனான், சிரியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. வட ஆப்பிரிக்கப் பேச்சுக்குத் தனியாக ஆள் தேட வேண்டியிருக்கும். அதற்கு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அரபியை மட்டும் சோதித்துவிட்டு டேனிஷைச் சும்மா விடுவது. பார்வையாளர் படிக்கப்போவது டேனிஷைத்தான். சப்டைட்டிலில் இரண்டு வரிதான் இடம், வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து. நீளமாகப் பேசுவதை அதற்குள் அடக்க, டேனிஷில் எதை விட்டாலும் பொருள் நிற்கும் என்று தெரிந்த கை வேண்டும். அறுபது வயது விவசாயி 'வல்லாஹி' என்று சத்தியம் செய்கிறார் என்று வையுங்கள். கோபன்ஹேகன் இளைஞர்களின் பேச்சில் 'வல்லா' ஏற்கெனவே புகுந்துவிட்டது. அதனால் சொல்லை அப்படியே விட்டால், பெரியவர் தெருமுனைப் பையன் மாதிரி ஒலிப்பார்.

நேரடியாகச் செய்ய ஆள் இல்லையென்று நடுவில் ஆங்கிலத்தை நுழைப்பதும் ஆபத்து. நூறு கோடி அரபியில் 'மில்யார்', டேனிஷில் 'மில்லியார்ட்'. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆங்கிலம் வழியாக வந்தால் அது பில்லியன் ஆகிவிடும். டேனிஷில் பில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி! செய்தியில் தொகை ஆயிரம் மடங்கு ஊதிப்போகும். ஊர்ப்பெயரும் அப்படித்தான்: டேனிஷில் கெய்ரோவுக்கு முதல் எழுத்து 'கே', பாக்தாத்தில் 'எச்' கிடையாது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்ததுமே டேனிஷ் செய்தி ஆசிரியர் முகம் சுளிப்பார்.

சான்றிதழை மட்டும் நம்புகிறவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களுக்கு டென்மார்க் அரசு கொடுத்துவந்த அங்கீகாரம் 2016 ஜனவரி 1 முதல் இல்லை. இருந்த காலத்திலும் அது நீதிமன்றத் தாள், ஒப்பந்தம் போன்றவற்றுக்குத்தான் பெரிதும் உதவியது. ஆவணப்படத்தில் அழுதுகொண்டே பேசும் ஒரு தாயின் வாக்கியத்தைக் கையாளத் தெரியுமா என்பதை எந்தத் தாளும் சொல்லாது. என்னைக் கேட்டால், உங்கள் பதிவிலிருந்தே இரண்டு நிமிடம் வெட்டிக் கொடுத்து, கூலியும் கொடுத்து, செய்துகாட்டச் சொல்லுங்கள். இரைச்சல் உள்ள, இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். காதில் விழாத இடத்தை 'கேட்கவில்லை' என்று குறித்து அனுப்புகிறவரை விடாதீர்கள்.

அப்புறம், பேசியவரின் பாதுகாப்பு. முகத்தை மறைத்துப் பேட்டி கொடுத்தவரின் குரலை இலவச இணையக் கருவியில் ஏற்றாதீர்கள், ஏற்ற மாட்டேன் என்று மொழிபெயர்ப்பாளரிடமும் எழுதி வாங்குங்கள். பேசுபவரின் ஊருடனோ கட்சியுடனோ அவருக்கு உறவோ பகையோ உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஒளிபரப்புக்கு முன் அதே வட்டார அரபி தெரிந்த இன்னொருவர், ஒலியைக் கேட்டபடியே வரிகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.