ஹோம் பதிப்புக் கணினியும் டொமைன் சர்வரும்: என் அனுபவம்

அலுவலகத்துக்கு வந்த மூன்று மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11 ஹோம். அந்தப் பதிப்பை டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் சர்வரிலிருந்து ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்க முடியாது. சர்வரிலுள்ள பகிர்வுக் கோப்புறை கிடைத்தால் போதும் என்றிருந்தோம். ஆனால் தினமும் கடவுச்சொல் கேட்டது, சற்று நேரத்தில் சர்வரில் கணக்கே பூட்டிக்கொண்டது. கடவுச்சொல்லை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன், கேபிளையும் மாற்றினேன். மூன்று நாள் வீண்.

சர்வரின் பாதுகாப்புப் பதிவில், தோல்வியடைந்த உள்நுழைவைக் குறிக்கும் 4625 எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தபோதுதான் பிடிபட்டது: டொமைன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மடிக்கணினியின் பெயர்! மடிக்கணினியிலும் சர்வரிலும் பயனர்பெயர் ஒன்றே, கடவுச்சொல் வேறு. விண்டோஸ் முதலில் மடிக்கணினியின் உள்ளூர்க் கடவுச்சொல்லைக் கொண்டே உள்நுழையப் பார்க்கிறது; அந்தத் தவறான முயற்சிகள் சேர்ந்துதான் கணக்கு பூட்டிக்கொண்டது.

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சர்வர் பெயரின் கீழ், டொமைன் பெயரையும் முன்னால் சேர்த்துப் பயனர்பெயரைப் பதிந்தேன். அப்போதும் ஒரு கணினி அடம்பிடித்தது. அதில் பகிர்வுக் கோப்புறைக்கான டிரைவ், சர்வரின் பெயரால் அல்லாமல் ஐபி முகவரியால் (பிணையத்தில் அதற்குரிய எண்) இணைக்கப்பட்டிருந்தது. பெயருக்குச் சேமித்தது முகவரிக்குச் செல்லாது. துண்டித்துவிட்டுப் பெயராலேயே இணைத்தேன். அப்பாடா, இரண்டு வாரமாகக் கணக்கு பூட்டிக்கொள்ளவில்லை.