ஏதென்ஸில் ஒரு பகல்: அக்ரோபோலிஸ் குன்றையும் அதன் சிற்பங்களையும் பார்க்கும் முறை

ஏதென்ஸ் நகரில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால், எல்லா இடங்களையும் எட்டிப் பார்த்துவிடும் ஆசையை விட்டுவிட்டு, முதலில் அக்ரோபோலிஸ் குன்றையும், பிறகு அதன் அடிவாரத்தில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் நிதானமாகப் பாருங்கள். பார்த்தெனான் கோயில் மேலே நிற்கிறது. அதை அலங்கரித்த சிற்பங்களில் அந்நகரில் எஞ்சியவை கீழே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு வேண்டும். குன்றுக்கான சீட்டில் நுழையும் நேரமும் குறிக்கப்படுவதால், காலையின் முதல் நேரத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. மேலே நிழல் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. கடும் கோடையில் நண்பகலில் குன்றையே மூடிவிடுவதும் உண்டு. அக்ரோபோலி மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள தென்கிழக்கு வாயில் வழியாக ஏறினால், கிரேக்க நாடகம் வளர்ந்த டயோனைசஸ் அரங்கத்தையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். எண்ணற்ற கால்கள் பட்டுத் தேய்ந்த கற்கள் வழுக்கும் என்பதால், நன்றாகப் பிடிக்கும் காலணி அவசியம்.

பார்த்தெனான் கோயிலின் கட்டுமானம் கி.மு. 447இல் தொடங்கியது, சிற்ப வேலை 432இல் முடிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெருமளவு முழுமையாக நின்ற அக்கட்டடம், 1687இல் அந்நகரை ஆண்ட உதுமானியத் துருக்கியர் அதனுள் வைத்திருந்த வெடிமருந்தின் மீது வெனிஸ் படையின் குண்டு விழுந்தபோதுதான் நடுவே சிதறியது. சுற்றி நடக்கும்போது ஒரு மூலையில் நின்று, படிக்கட்டின் விளிம்பை அதன் நீளவாக்கில் கூர்ந்து பாருங்கள். நேர்கோடாகத் தோன்றியது நடுவில் மெல்ல மேலெழுந்து மறுமுனையில் தாழ்வது தெரியும். தளத்தை இப்படி வளைத்தும், தூண்களைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்தும் கட்டியது திட்டமிட்ட வேலை. இதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அந்தக் கொத்தர்களின் துல்லியம் உறைக்கும்.

அருகிலுள்ள எரெக்தியான் கோயிலில் தூண்களுக்குப் பதிலாகக் கூரையைத் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்களே. மூலச் சிலைகளில் ஐந்து கீழே அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆறாவது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு கொண்டுபோனவற்றோடு சேர்ந்து லண்டனில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்த ஐவரையும் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், பின்பக்கமும் அவசியம் சென்று பாருங்கள். முதுகில் இறங்கும் கனத்த பின்னலின் புரிகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். மெல்லிய கழுத்து கூரையின் பாரத்தில் முறிந்துவிடாமல் தாங்குவதும் அந்தக் கூந்தல்தான். குன்றின் மேல் இந்தக் கோணம் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை.

அருங்காட்சியகத்தின் மேல்தளத்துக்கு மிகுந்த நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிச் சுவர்கள் வழியே பார்த்தெனான் தெரிய, அதே திசையில் அமைக்கப்பட்ட அந்த மண்டபத்தில், அக்கோயிலின் சுமார் 160 மீட்டர் நீளமுள்ள ஊர்வலச் சிற்ப வரிசை உரிய ஒழுங்கில் வைக்கப்பட்டுள்ளது. பழுப்பேறிய பளிங்குதான் மூலச் சிற்பம். வெள்ளை வெளேரென்று இருப்பது, பெரும்பாலும் லண்டனில் உள்ளவற்றின் வார்ப்பு நகல். குதிரையின் முன்பாதி ஒரு நிறமாகவும் பின்பாதி வேறு நிறமாகவும் நிற்பதைக் காணும்போது, அவை தாயகம் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் எனக்குச் சந்தேகமின்றி விளங்குகிறது.

மாலையில் தெம்பிருந்தால், மூடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு அகோரா எனப்படும் பண்டைய சந்தைத் திடலுக்கு நடக்கலாம். அங்குள்ள ஹெஃபைஸ்டஸ் கோயில் பல நூற்றாண்டுகள் தேவாலயமாக விளங்கியதால் பெரிதும் சிதையாமல் தப்பியது. ஒலிம்பிய ஸூஸ் கோயிலில் 104 தூண்களில் 15 மட்டுமே இன்று நிற்கின்றன. நேரம் குறைவானவர்கள் அவற்றைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொண்டால் போதும்.