மறுபடி வேலைக்கு வருகிறீர்களா? எந்த ஆங்கில வினை?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டு ஆபீஸில் 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து மேனேஜருக்கு மெயில் எழுதுகிறீர்கள். 'ஐ வில் ரிஸ்யூம் ஒர்க் ஆன் மண்டே' போதும். 'ரிஸ்யூம் பேக்' வேண்டாம். 'மறுபடி' என்ற பொருள் 'ரி'யிலேயே இருக்கிறது. 'பேக்' சேர்த்தால் நம்ம 'நடு சென்டர்' கதைதான்.

வேலையை விட்டுப் போய் அதே கம்பெனிக்கே வந்தால் 'ரீஜாயின்'. பின்னால் 'டு' வராது: 'ரீஜாயின் த டீம்'. 'ரிட்டர்ன்' போட்டால் 'டு' கட்டாயம்: 'ரிட்டர்ன் டு ஒர்க்'. பெங்களூரில் காதில் விழும் 'ஜாயின் பேக்' பேச்சோடு நிற்கட்டும்.

'ரீஇன்ஸ்டேட்' நீங்களாகச் செய்துகொள்வதல்ல. நீக்கியவரை நிர்வாகம் மறுபடி அமர்த்துவது. அதனால் 'ஐ வாஸ் ரீஇன்ஸ்டேட்டட்'.

'ரிப்ரீஸ்' நடிகர்களுக்கு. முதல் பாகத்தில் போட்ட வேடத்தையே இரண்டாம் பாகத்திலும் ஏற்பது. அக்கவுண்ட்ஸ் வேலையை 'ரிப்ரீஸ்' செய்வதாக எழுதினால் சிரிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திட்டால் 'ரீ-சைன்'. நடுவில் உள்ள சிறுகோட்டை விட்டுவிட்டால் அது ராஜினாமா, எச்.ஆரிடமிருந்து உடனே போன் வரும்.