சார்புகளைச் செயற்றிட்டமாகக் கற்பிக்கும்போது சறுக்கும் இடங்கள்

சாதாரண தரக் கணிதத்தில் சார்பு (ஒரு கணியத்தின் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் இன்னொன்றில் ஒரே ஒரு பெறுமானம் தரும் தொடர்பு) என்றதும் எங்கள் பிள்ளைகளின் கை தானாகவே அட்டவணை கீறத் தொடங்கும். மேல் வரிசையில் −3 தொடக்கம் 4 வரை, கீழ் வரிசையில் பெறுமானங்கள், ஒன்றிரண்டு வெற்றுப் பெட்டிகள், அப்புறம் வரைபுத்தாள். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்த வளைகோடு எதைப் பற்றியது என்று கேட்டால் முழிப்பார்கள். அந்தக் குறையைப் போக்கத்தான் செயற்றிட்டம் என்கிறோம். செயற்றிட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றுக்குள் சார்பு இருக்கிறதா என்று தேடினால்தான் பஞ்சம் தெரியும்.

தை மாதத்தை எடுங்கள். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் ‘பட்டமும் கணிதமும்’ என்று ஒரு தலைப்புக் கொடுக்க ஆசை வரும். பிள்ளைகள் ஒரு கிழமை மூங்கில் சீவி, தாள் ஒட்டி, பிறிஸ்டல் போட்டில் முக்கோணங்களுக்கு நிறம் தீட்டிக் கொண்டு வருவார்கள். பார்க்க அழகுதான். கேத்திரகணிதமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒன்று மாற இன்னொன்று அதைப் பொறுத்து மாறுவதை அங்கே யாரும் அளக்கவில்லை. அதே பட்டத்தில், விட்ட நூலின் நீளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, காற்றோடு ஏற்றக்கோணம் மாற உயரம் எப்படி மாறுகிறது என்று கேட்டிருந்தால் சைன் சார்பு கைக்கு வந்திருக்கும். நூல் நேராக நிற்காமல் தொய்வதால் கணித்த உயரம் உண்மையான உயரத்தைவிடக் கூடுதலாக வரும் என்று யாராவது எழும்பிச் சொல்லியும் இருப்பார்கள்.

அதனால் தலைப்பைத் தெரிவதற்கு முதல் ஒரு வசனம் எழுதிப் பாருங்கள்: எதை நாங்கள் மாற்றுகிறோம், எது அதைப் பார்த்து மாறுகிறது? அந்த வசனம் வராத தலைப்பைச் சித்திரப் பாட ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

சூத்திரம் முதலில், தரவு பிறகு

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். ‘இது நேர்கோட்டுச் சார்பு, இதற்கொரு உதாரணம் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் பிள்ளை விடையைப் பார்த்துக்கொண்டே கேள்வி தயாரிக்கும். அளவீடு ஏதாவது விலகினால் அழித்துவிட்டுக் கோட்டின் மேல் புள்ளி வைக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் கேட்டது கோட்டைத்தான்.

மாற்றாக ஒரு பரிசோதனை சொல்கிறேன். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றில், சுவர் நேராக இருக்கும் பகுதியின் அடிப்பக்கம் பார்த்து நான்கு மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை. பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி, துளையின் மட்டத்தைப் பூச்சியமாக வையுங்கள். விரலால் துளையை மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்பி, போத்தல் மூடியைக் கழற்றி, விரலை எடுங்கள். சில செக்கன்களுக்கு ஒரு தரம் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். முழுவதும் வடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும்.

முதல் இரண்டு வாசிப்பு எடுத்தவுடன் நிறுத்தி, எப்போது தண்ணீர் முடியும் என்று எல்லோரிடமும் எழுதி வாங்குங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும். கணக்குக்கு வசதியான எண்களில் சொன்னால், தொடக்கத்தில் 16 சென்ரிமீற்றர், 30 செக்கனில் 9. முப்பது செக்கனில் ஏழு சென்ரிமீற்றர் போனதென்றால் ஏறத்தாழ 69ஆவது செக்கனில் முடிய வேண்டும் என்று வகுப்பில் பெரும்பாலானோர் எழுதுவார்கள். தண்ணீரோ 60இல் 4, 90இல் 1 என்று மெல்ல மெல்ல இறங்கி 120 வரை இழுக்கும். மட்டம் குறையக் குறைய அமுக்கம் குறைகிறது, வெளியேறும் வேகமும் குறைகிறது. 17ஆம் நூற்றாண்டில் தொரிசெல்லி என்ற இத்தாலியர் கண்ட தொடர்பு இது: வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன்.

இப்போது 16, 9, 4, 1, 0 என்ற வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். யாராவது ஒருவர் வர்க்க எண்கள் என்று சொல்லுவார். உயரத்துக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிராகக் குறித்தால் 4, 3, 2, 1, 0 என்று நேர்கோடு வந்து நிற்கும். உங்கள் போத்தலில் எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது; கடைசி ஒரு சென்ரிமீற்றரில் தண்ணீர் துளியாகச் சொட்டத் தொடங்கியதும் கோடு விலகும். விலகட்டும். ஏன் விலகியது என்ற ஒரு பந்தி, ஒட்டி வைத்த பத்துப் படத்தைவிடப் பெறுமதியானது.

ஆட்சியை மறப்பது

ஆட்சி (சார்பு எந்தப் பெறுமானங்களுக்குச் செல்லும் என்பது), வீச்சு (அதிலிருந்து கிடைக்கும் பெறுமானங்கள்) என்பவற்றை வரைவிலக்கணமாகப் பாடமாக்குகிறார்கள். அவை ஏன் வேண்டும் என்று காட்ட யாழ்ப்பாணத்தில் கிணற்றைவிட நல்ல இடம் இல்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை நிரப்பும், பிறகு மாதக்கணக்கில் மட்டம் இறங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கல்வியாண்டு வழமையாகத் தையில் தொடங்குவதால், முதலாந் தவணையில் செயற்றிட்டம் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இறங்குமுகத் தரவு மட்டும். கிணற்றுக்கட்டிலிருந்து கல் கட்டிய கயிற்றை விட்டுக் கிழமைக்கு ஒரு தரம் அளந்தால் ஏறத்தாழ நேர்கோடுபோலவே வரும். அந்தக் கோட்டை நீட்டினால் ஏதோவொரு மாதம் கிணறு வற்றி, அதற்கடுத்த மாதங்களில் நீரின் ஆழம் மறைப் பெறுமானத்துக்குப் போய்விடும். இதைத் தவறு என்று சிவப்புப் பேனாவால் வெட்டாதீர்கள். இந்தச் சார்பு எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை செல்லும் என்று கேளுங்கள். ஆட்சி என்ற சொல்லுக்கு அப்போதுதான் வேலை வருகிறது. (அளக்கும் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: காலையில், மோட்டர் போட முதல். கடலோரக் கிணறுகளில் வற்றுப்பெருக்கோடும் மட்டம் ஆடும்.)

இதே கிணறு இன்னொன்றையும் காட்டும். திகதியைச் சொன்னால் நீர்மட்டம் ஒன்றுதான். நீர்மட்டத்தைச் சொன்னால் திகதி இரண்டு வரலாம், இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. எது சார்பு, எது சார்பு அல்ல என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இருபடிச் சார்புக்கு வேலிக் கணக்கு (குறித்த நீள வேலியால் ஆகக்கூடிய பரப்பளவை அடைப்பது) பழையதுதான், ஆனாலும் அலகை ஊர் அலகாக்கினால் உயிர் வரும். எங்கள் ஊரில் காணியை அளக்கும் அலகு ‘பரப்பு’; தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 64 மீற்றர் வேலியால் செவ்வகமாக அடைத்தால் ஆகக்கூடியது 16க்கு 16, அதாவது 256. ஒரு பரப்பை மட்டுமட்டாகத் தாண்டுகிறது. ஒரு பக்கம் ஏற்கெனவே மதில் இருந்தால், அதே 64 மீற்றரில் 16க்கு 32 அடைக்கலாம். இரண்டு பரப்பு! மதிலில்லாத காணியில் ஒரு பக்கம் 32 மீற்றரைத் தொட்டால் பரப்பளவு பூச்சியம். அதற்கு அப்பால் அட்டவணையில் எண் வரும், காணி வராது.

வளைந்ததெல்லாம் பரவளைவு (இருபடிச் சார்பின் வரைபு) என்று நம்பவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. தேவாலய வளைவைப் படமெடுத்து மேலே பரவளைவு கீறுவார்கள். அந்த வளைவு பெரும்பாலும் வட்டவில்லாகவோ இரண்டு வில் சேர்ந்ததாகவோ இருக்கும். மின்கம்பங்களுக்கு இடையில் தொங்கும் கம்பியும் பரவளைவு அல்ல, தொய்வு குறைவாக இருக்கும்போது அதற்கு மிக அண்மையானது, அவ்வளவே. எந்த வளைவிலும் மூன்று புள்ளி எடுத்தால் அவற்றினூடாக ஒரு பரவளைவைப் பொருத்திவிடலாம். நான்காவது, ஐந்தாவது புள்ளியைக் கேளுங்கள்.

கரண்ட் பில்

துண்டு துண்டான சார்புக்கு மின்கட்டணம் அருமையான பொருள். வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகு வரை ஒரு கணிப்புமுறை; 60ஐத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே வேறு வீதம், நிலையான கட்டணமும் வேறு. எனவே 60இற்கும் 61இற்கும் இடையில் வரைபு பாய்கிறது. ஓர் அலகால் இவ்வளவு வித்தியாசமா என்று பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும். கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால் நடைமுறையில் உள்ள அட்டவணையையே பாவியுங்கள். போன வருடக் கொப்பியிலிருந்து எடுத்த வீதம் வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறு கணிதத்தில் இல்லை. ‘உங்கள் வீட்டுப் பில்லைக் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். ஒரு வீட்டில் குளிரூட்டி, இன்னொரு வீட்டில் இரண்டு பல்ப், வேறொரு வீட்டில் நிலுவையில் சிவப்பு அறிவித்தல். வகுப்பு முன்னால் அதை விரித்து வைக்க எந்தப் பிள்ளைக்கு விருப்பம்? பூச்சியம் தொடக்கம் 200 அலகு வரை எல்லோருக்கும் பொதுவான அட்டவணை ஒன்று போதும். தன் வீட்டுப் புள்ளி எங்கே என்று அவரவர் மனதுக்குள் குறித்துக்கொள்ளலாம்.

புள்ளி வழங்குவதைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து பேர் குழுவில் ஒருவர் கணக்குச் செய்வார், ஒருவர் அக்காவைக் கொண்டு எழுத்தெழுதுவிப்பார், மற்றவர்கள் பெயர் போடுவார்கள். அறிக்கையின் அழகுக்குப் புள்ளி இருக்கும்வரை இது மாறாது. ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் வரைபின் படித்திறனுக்கு (கோட்டின் சாய்வுக்கு) அலகு என்ன? எந்தப் புள்ளி விலகி நிற்கிறது, ஏன்? அளக்காத ஒரு பெறுமானத்துக்கு முற்கூட்டியே சொன்ன விடை எவ்வளவு, அளந்தபோது எவ்வளவு? முப்பது பேர் வகுப்பில் இதற்கு இரண்டு பாடவேளை தாராளமாக வேண்டும். அந்த நேரத்தை பிறிஸ்டல் போட் காட்சிக்கு ஒதுக்கியதிலிருந்து எடுக்கலாம்.

‘சேர், இது சோதனைக்கு வருமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும், ரியூசனில் அடுத்த அலகு முடிந்திருக்கும். போத்தல் தரவை எடுத்து, பரீட்சை வினாத்தாளின் அதே அமைப்பில், வெற்றுப் பெட்டியோடு அட்டவணையாகவும், அளவிடை தெரிந்து கீற வேண்டிய வரைபாகவும், உயரம் 9இற்குக் குறைவாக இருக்கும் நேர ஆயிடையைக் கேட்கும் பகுதியாகவும் அடுத்த நாள் கொடுத்துவிடுங்கள்.